சீலை மூட்டையில் ஒரு டின் கார்: போர்க்கால விளையாட்டுச் சாமானைச் சிற்பமாக்கும் முறை

விளையாட்டுச் சாமானையும் போரையும் ஒரே சிற்பத்தில் கொண்டுவர நினைக்கிறவர்கள் முதலில் கை வைப்பது பொம்மையின் தலையில்தான். தலையைக் கழற்றுவார்கள், சிவப்புப் பெயின்ட் ஊற்றுவார்கள், கையில் ஒரு பிளாஸ்டிக் துவக்கைச் செருகுவார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன். பன்னிரண்டு வருடங்களுக்கு முன் யாழ்ப்பாணத்தில் ஒரு சின்னக் காட்சியில் அப்படி ஒரு பொம்மையை வைத்திருந்தேன். பார்க்க வந்தவர்களில் வன்னியிலிருந்து வந்த ஒரு அம்மா அதற்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, "தம்பி, இந்தப் பிள்ளையின்ர தலையை ஏன் கழட்டினனீங்கள்?" என்று கேட்டார். பொம்மை என்று அவர் சொல்லவில்லை, பிள்ளை என்றார். எனக்குப் பதில் வரவில்லை. போர் செய்த வேலையை நானே என் கையால் இன்னொரு தடவை செய்து மேசையில் வைத்திருக்கிறேன் என்பது அன்றிரவுதான் உறைத்தது.

அதற்குப் பிறகு நான் பிடித்துக்கொண்ட ஒரே விதி: விளையாட்டுச் சாமானில் கீறல்கூட விழக்கூடாது. ஏதாவது அடிபட வேண்டும், நசுங்க வேண்டும், தழும்பு விழ வேண்டும் என்றால் அது போரின் பொருளில் விழட்டும். கீழே சொல்லப்போகும் முறை முழுக்க அந்த விதியிலிருந்து வந்தது. சீலையில் தைத்து, மணலுக்குப் பதில் பிளாஸ்டர் நிரப்பிய ஒரு மண்மூட்டை, அதன் மேல் ஒரு சின்னக் கார் அழுந்தி எழுந்த தடம். அவ்வளவுதான் சிற்பம். செய்ய இரண்டு நாள் போதும், காய இரண்டு கிழமை வேண்டும்.

ஏன் சீலை மூட்டை என்று கேட்பவர்களுக்கு: 2009இல் முல்லைத்தீவுக் கரையோரமாக, மாத்தளன், வலைஞர்மடம், முள்ளிவாய்க்கால் என்று சனம் ஒடுங்கிக்கொண்டே போனபோது பங்கர் (பதுங்குகுழி) வெட்டினால் கடற்கரை மணல் நிற்காமல் சரியும். வேறு சாக்குகள் கிடையாது. கையில் இருந்த சீலைகளைக் கிழித்து மூட்டை தைத்து மணல் நிரப்பி அடுக்கினார்கள். நூல் சீலை, நைலெக்ஸ் சீலை, கூறைச்சீலை எல்லாம் அதில் போனது. பச்சை, மஞ்சள், சரிகை என்று நிறம் நிறமாக அடுக்கிய மண்மூட்டைகள். போர் என்றால் காக்கியும் சாம்பலும் என்று நினைத்துப் பழகிய கண்ணுக்கு அது வேறொரு நிறம், நம் அம்மாமாரின் அலுமாரி நிறம். துவக்கு, குண்டு எதையும் வைக்காமலே போரைச் சொல்ல இதைவிடப் பொருத்தமான பொருள் எனக்குத் தெரியவில்லை.

எதைத் தொடக்கூடாது

செய்முறைக்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இது உயிர் சம்பந்தப்பட்டது. நிலத்தில் கிடந்து எடுத்த எந்த வெடிபொருளும், அதன் துண்டும், "வெடிச்சு முடிஞ்சதுதானே" என்று யாராவது தருகிற எதுவும் சிற்பத்துக்கு வேண்டாம். வன்னியில் கண்ணிவெடி அகற்றும் வேலை பல வருடங்களாக நடந்துவருகிறது, அப்படியும் வளவு துப்புரவாக்கும்போது ஏதாவது வெளிப்படுகிறது. லாவோஸ் நாட்டில் 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் போட்ட கொத்துக் குண்டுகளில் வெடிக்காமல் கிடந்தவை டென்னிஸ் பந்து அளவுதான். பிள்ளைகள் பந்தென்று எடுத்து விளையாடி இறந்தது அங்கே தலைமுறை தாண்டியும் நடந்தது. சந்தேகமாக ஏதாவது கண்டால் தொடாமல், வந்த வழியே திரும்பி நடந்து, பொலிஸின் 119 இலக்கத்துக்கு அறிவியுங்கள்.

வெற்றுத் தோட்டாக் கோதும் வேண்டாம். சின்ன வயதில் நாங்கள் அதை உதட்டில் வைத்து விசில் ஊதினோம், உண்மைதான். ஆனால் இப்போது அதைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் விளக்கம் சொல்லி மாளாது. அந்த விசில்தான் உங்கள் கதை என்றால் களிமண்ணில் செய்து சுட்டுக்கொள்ளுங்கள், ஊதவும் செய்யலாம்.

உண்மையான ஆயுதத்தில் சிற்பம் செய்தவர்கள் இருக்கிறார்கள். மொசாம்பிக்கில் 1977 முதல் 1992 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு, 1995இல் தேவாலயங்கள் சேர்ந்து ஒரு திட்டம் தொடங்கின. துவக்கைக் கொண்டுவந்து கொடுத்தால் சைக்கிள், தையல் மெஷின் போன்றவை கிடைக்கும். அப்படி வந்த துவக்குகளைச் செயலிழக்கச் செய்து கலைஞர்களிடம் கொடுத்தார்கள். கெஸ்டர் என்று அழைக்கப்படும் கலைஞர் 2001இல் அவற்றை வெட்டிச் செய்த கதிரை இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பெரிய வேலை அது. ஆனால் அதற்குப் பின்னால் ஆயுதத்தைச் செயலிழக்கச் செய்யத் தெரிந்த ஆட்கள் இருந்தார்கள். நமக்கு அந்த வசதி இல்லை, இந்தச் சிற்பத்துக்கு அது தேவையும் இல்லை.

இன்னொன்று, எந்தப் பக்கத்து முத்திரையும், கொடியும், சீருடைத் துணியும் உள்ளே வரவேண்டாம். சட்டச் சிக்கல் ஒரு காரணம். அதைவிட முக்கியம், ஒரு சின்னக் கொடித் துண்டு இருந்தால் போதும், பார்க்கிறவர் கண் அதிலேயே போய் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் காரை யாரும் பார்க்க மாட்டார்கள்.

பொருளைத் தேடுவது, கேட்பது

கடையில் வாங்கிய பொம்மை சரிவராது. யாரோ ஒருவர் உண்மையில் வைத்து விளையாடிய பொருள் வேண்டும், அதற்கு அந்த ஒருவரிடம் போய்க் கதைக்க வேண்டும். பலர் இந்த இடத்தை அவசரமாகத் தாண்டப் பார்க்கிறார்கள். ஆனால் வேலையில் பாதி இதுதான்.

நான் சொல்லப்போகும் கார் ஒரு அக்காவிடம் இருந்தது. அவருடைய தம்பி எட்டு வயதில் வலைஞர்மடத்தில் பங்கர் வாசலில் இருந்து செய்தது. டின்மீன் பேணியை நீளவாக்கில் வெட்டி மடித்த உடம்பு. பழைய ரப்பர் செருப்பில் வெட்டிய நான்கு சில்லுகள், மூன்று நீலம், ஒன்று வெள்ளை. அச்சுக்கு சைக்கிள் கம்பி. முன்பக்கம் தகரத்தில் ஆணியால் இரண்டு ஓட்டை, அவை லைட். உள்ளங்கையில் அடங்கும். அவர்கள் இடம் மாறி மாறிக் கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போனபோது கையில் கொண்டுபோன ஒரேயொரு பையில் அடையாள அட்டைகளுக்குக் கீழே இது இருந்திருக்கிறது. யார் வைத்தது என்று இன்றும் வீட்டில் யாருக்கும் தெரியாது. தம்பிக்கு இப்போது இருபத்தைந்து வயது, கிளிநொச்சியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறார்.

கேட்கும்போது சில விஷயங்களில் கவனமாக இருங்கள். ரெக்கார்டரை எடுத்தவுடன் நீட்டாதீர்கள். "அப்ப என்ன நடந்தது" என்று கேட்காமல் "இதை எப்படிச் செய்தனீங்கள்" என்று கேளுங்கள். செய்த விதத்தைச் சொல்லும்போது மனிதர்களின் கை அசையத் தொடங்கும், முகம் தெளியும், மற்றதை அவர்களே சொல்ல விரும்பினால் சொல்வார்கள், சொல்லாவிட்டால் அதோடு விடுங்கள். குரல் மாறினால் தேத்தண்ணியைக் குடித்துவிட்டு வேறு கதை கதையுங்கள். பெயர் போடலாமா, ஊர் போடலாமா என்பதைக் கடைசியில் ஒரு தடவை, காட்சிக்கு முதல் நாள் இன்னொரு தடவை கேளுங்கள். முதலில் சம்மதித்தவர் பிறகு வேண்டாம் என்றால் அது அவருடைய உரிமை.

மூலப் பொருளை வாங்கி வராதீர்கள். தந்தாலும் வேண்டாம். அளவெடுத்து, நாலு பக்கமும் படம் எடுத்துக்கொண்டு அங்கேயே விட்டுவிடுங்கள். பிளாஸ்டருக்குள் போகப்போவது நகல்தான். அந்த நகலைச் செய்யச் சிறந்த வழி, முதலில் செய்தவரையே சொல்லித்தரக் கேட்பது. அந்தத் தம்பி என் முற்றத்தில் குந்தியிருந்து, ஒரு டின்மீன் பேணியை தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டி, செருப்பில் ஒரு பழைய நாணயத்தை வைத்து வட்டம் கீறி, முக்கால் மணி நேரத்தில் புதுக் காரைச் செய்து முடித்தார். பதினாறு வருடம் அவர் அதைச் செய்திருக்கவில்லை. சில்லைக் கம்பியில் ஏற்றும்போது மட்டும் ஒரு நொடி நிறுத்தி, "அப்ப அச்சு வழுக்கிறதுக்கு எண்ணெய் இல்லை, மெழுகுதிரி பூசினனான்" என்றார். மெழுகுதிரி தேடி எடுத்துக் கொடுத்தேன்.

செய்தவர் இல்லையென்றால் படத்தைப் பார்த்து நீங்களே செய்யுங்கள், ஆனால் அதே பொருள்களில் செய்யுங்கள். முப்பரிமாண அச்சு எடுத்த நகலையும் ஒரு தடவை முயன்று பார்த்தேன். அளவெல்லாம் மிகச் சரியாக வந்தது. தகரம் மடிந்த இடத்தில் இருக்கும் அந்தச் சின்னக் கோணல்தான் வரவில்லை.

வேண்டிய சாமான்கள்

பழைய சீலை ஒன்று, 4 கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ், இரண்டு பிளாஸ்டிக் வாளி, ஒரு அகன்ற தட்டு அல்லது பலகைப் பெட்டி, அதை நிரப்ப மணல், கொஞ்சம் களிமண், மெல்லிய பொலித்தீன், தூசிக்கு முகக்கவசம், ரப்பர் கையுறை.

சீலை விஷயத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நூல் சீலை பிளாஸ்டர் தண்ணீரை உறிஞ்சி அதோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு உரிக்க முடியாது. நைலெக்ஸ், பொலியெஸ்டர் வகை காய்ந்த பிறகு பெரும்பாலும் உரிந்து வரும், சீலையின் நெசவும் மடிப்பும் மட்டும் வெள்ளைப் பிளாஸ்டரில் பதிந்திருக்கும். இரண்டும் அழகுதான். நான் நூல் சீலையை எடுத்து, உரிக்காமல் அப்படியே விடுகிறேன், ஏனென்றால் எனக்கு நிறம் வேண்டும். வெள்ளையாக விட்டால் அது எந்த நாட்டு மண்மூட்டையாகவும் இருக்கலாம். பூப்போட்ட சீலை என்றால் அது நம்முடையது.

சாயம் இறங்குமா என்று முதலில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்துப் பாருங்கள். என் முதல் மூட்டையில் சிவப்புக் கரையிலிருந்து சாயம் இறங்கி, பிளாஸ்டர் முழுக்க இளஞ்சிவப்பாகிவிட்டது. பார்க்கிறவர்கள் இரத்தம் என்று நினைத்தார்கள், நான் அப்படி எதையும் நினைக்கவே இல்லை. அதை உடைத்துப் போட்டுவிட்டுத் திரும்பச் செய்தேன்.

மூட்டை தைத்தல்

தைத்து முடிந்த அளவு 14 அங்குலம் நீளம், 9 அங்குலம் அகலம் போதும். உண்மையான மண்மூட்டை இதைவிடப் பெரிது, ஆனால் அந்த அளவில் பிளாஸ்டர் நிரப்பினால் ஒரு ஆளால் தூக்க முடியாது. துணியை இரண்டாக மடித்து மூன்று பக்கமும் இரட்டைத் தையல் போடுங்கள், கையால் தைத்தால் இன்னும் நல்லது. அந்த நாட்களில் அது பெரும்பாலும் கைத்தையல்தான், சங்கிலிபோல ஓடாமல் கோணல்மாணலாகத்தான் இருந்திருக்கும். ஒரு மூலையில் 4 அங்குல வாய் விடுங்கள். சீலையின் கரையோ முந்தானையோ மேல் பக்கம் வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள், கார் அழுந்தப்போகும் இடம் அதுதான்.

பெட்டியில் மணலை நிரப்பி நடுவில் கொஞ்சம் குழித்து, மூட்டை அதில் படுக்கும்படி செய்யுங்கள். வெறும் தரையில் வைத்தால் அடிப்பக்கம் தட்டையாகி, மூட்டை தலையணைபோல ஆகிவிடும். பக்கத்தில் இரண்டு மணல் பைகளை நெருக்கி வைத்தால், அடுக்கிலிருந்து எடுத்த மூட்டைக்கு இருக்கும் நசுங்கல் இதற்கும் வரும். இந்தச் சின்ன வேலையை விடாதீர்கள். பக்கத்து மூட்டையின் அழுத்தம் தெரிந்தால்தான் இது தனியாகச் செய்த கலைப்பொருள்போல இல்லாமல், ஒரு சுவரின் துண்டு என்று கண்ணுக்குப் படும்.

பிளாஸ்டர் கலக்குதல்

3 லீற்றர் தண்ணீருக்கு 4 கிலோ 200 கிராம் பிளாஸ்டர். எப்போதும் தண்ணீரில்தான் பிளாஸ்டரைப் போட வேண்டும், மாறிச் செய்தால் கட்டி கட்டும். கையால் அள்ளி, கோலமாவு தூவுவதுபோல விரலிடுக்கில் தூவுங்கள். முழுதும் தூவிய பிறகு ஒரு நிமிடம், இரண்டு நிமிடம் சும்மா விடுங்கள், தானாக ஊறும். அப்புறம் கையை அடியில் வைத்து மெதுவாகக் கலக்குங்கள். நுரை வரும்படி அடித்தால் காற்றுக் குமிழி நின்று, பிறகு ஓட்டை ஓட்டையாகத் தெரியும். கலக்கி முடிந்த பிறகு தண்ணி கூடுதலாக ஊற்றக்கூடாது. இறுகத் தொடங்கிய பிளாஸ்டரில் தண்ணி விட்டால் அது சுண்ணாம்பு மாதிரி உதிரும்.

சூடு பற்றி ஒரு வார்த்தை. பிளாஸ்டர் இறுகும்போது தானாகச் சூடாகும், மொத்தமாக இருந்தால் 60 பாகை வரை போகும். மேலே தூவுவதும் கலக்குவதும் ஆபத்தில்லை, ஆனால் கையை உள்ளே வைத்தபடி இறுக விடுவது பெரிய ஆபத்து. இங்கிலாந்தில் 2007இல் ஒரு பாடசாலை மாணவி கலை வகுப்பில் தன் கைகளை அச்செடுக்கப் பிளாஸ்டருக்குள் வைத்து, விரல்களில் பெரும்பாலானவற்றை இழந்தாள். பிள்ளைகளோடு இதைச் செய்கிறவர்கள் இதைத் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். மீதிப் பிளாஸ்டரைத் தொட்டியிலும் கானிலும் ஊற்றாதீர்கள், குழாயை அடைத்துவிடும், வாளியிலேயே இறுகவிட்டுத் தட்டிக் கொட்டுங்கள்.

நிரப்பி, அழுத்தி, எடுத்தல்

மூட்டையை லேசாக நனைத்துக்கொள்ளுங்கள், காய்ந்த துணி பிளாஸ்டரின் தண்ணீரைக் குடித்துவிடும். வாய் வழியாக ஊற்றுங்கள். முக்கால் பங்குதான், நிறைய ஊற்றினால் தோல்பந்து மாதிரி விறைத்துவிடும். வாயைத் தைத்து மூடி, கையால் மேலே தட்டித் தட்டிக் காற்றை வெளியேற்றுங்கள். துணி வழியாக வெள்ளைத் தண்ணி கசியும், பயப்பட வேண்டாம், மணல் குடித்துவிடும்.

இனிக் கார். அதன் அடிப்பக்கம், சில்லுகளுக்கு இடையில் இருக்கும் வெற்றிடத்தைக் களிமண்ணால் நிரப்பிவிடுங்கள், அடிப்பக்கம் ஒடுங்கி மேலே போகப்போக அகலும்படி. இதைச் செய்யாவிட்டால் பிளாஸ்டர் சில்லுக்குள் போய்ப் பிடித்துக்கொள்ளும், பிறகு காரை உடைத்துத்தான் எடுக்க வேண்டிவரும், நம் விதி அங்கேயே போச்சு. மெல்லிய பொலித்தீனை ஒரு சுற்றுச் சுற்றுங்கள்.

எப்போது அழுத்துவது என்பதைக் கடிகாரம் பார்த்துச் சொல்ல முடியாது, பிளாஸ்டரின் வயதும் அன்றைய வெயிலும் எல்லாவற்றையும் மாற்றும். பொதுவாகக் கலக்கிப் பத்து நிமிடம் அளவில் வரும். மூட்டையின் ஓரத்தில் விரலால் அழுத்திப் பாருங்கள். குழி உடனே நிரம்பினால் இன்னும் நேரம் இருக்கிறது. குழி அப்படியே நின்றால், கெட்டித் தயிரைத் தாண்டி ஒடியல் கூழ் ஆறிய பதம் வந்துவிட்டது, அதுதான் நேரம். காரை ஒரு மூலையிலிருந்து கொஞ்சம் சாய்வாக வைத்து, மெதுவாக, உள்ளங்கை முழுதாலும் அழுத்துங்கள். அரைச் சில்லு ஆழம் போதும். ஆழமாகப் போனால் புதைந்த மாதிரி இருக்கும், நமக்கு வேண்டியது ஒரு பிள்ளை மண்மூட்டை மேல் கார் ஓட்டிய தடம், புதைகுழி அல்ல.

இந்த இடத்தில் முதல் தடவை எனக்குத் தோன்றாத ஒன்றை அந்தத் தம்பிதான் சொன்னார். பங்கர் வாசல் மூட்டைகள்தான் அவர்களுக்கு ரோட்டு, மலை, பாலம் எல்லாம். காரை ஒரே இடத்தில் அழுத்தாமல், ஒரு முனையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினால் என்ன என்றார். செய்து பார்த்தோம். சில்லுத் தடம் இரண்டு கோடாகப் பூக்களின் மேல் ஓடி வந்து, மூட்டையின் மடிப்பு ஒன்றில் ஏறி இறங்கி, கடைசியில் கார் நின்ற குழியில் முடிகிறது. துணி சில்லோடு சேர்ந்து சுருங்கிய சுருக்கம்கூட அப்படியே நிற்கிறது. அதன் பிறகு நான் வேறு விதமாகச் செய்வதே இல்லை.

அழுத்திய காரைக் கையால் ஐந்து நிமிடம் பிடித்திருங்கள், பிறகு மேலே ஒரு சின்னக் கல்லை வையுங்கள். மூட்டை சூடாகத் தொடங்கும்போது காரை எடுத்துவிடுங்கள். பிளாஸ்டர் இறுகும்போது ஒரு மயிரிழை பெருக்கும், தாமதித்தால் காரை இறுக்கிப் பிடித்துவிடும். முன்னும் பின்னும் ஆட்டாமல் நேர் மேலே தூக்குங்கள்.

அப்புறம் பொறுமை. நிழலில், காற்றுப்படும் இடத்தில், இரண்டு மரக்கட்டை மேல் வைத்து இரண்டு கிழமை. வெயிலில் வைத்தால் துணி வெளுக்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்துக் குளிர் அடித்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

வெளியில், மழைபடும் இடத்தில் வைக்க விரும்பினால் பிளாஸ்டர் உதவாது, கரையும். சீமெந்து ஒன்றுக்கு மணல் மூன்று என்று நிரப்பலாம். அது இறுக மணிக்கணக்காகும், எனவே காரை ஒரு நாள் முழுக்க உள்ளேயே விட்டு, எடுத்த பிறகு ஈரச் சாக்கால் மூடி ஏழு நாள் நனைக்க வேண்டும். ஈரச் சீமெந்து தோலை அரிக்கும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள். எனக்கு அதன் சாம்பல் நிறமும் பாரமும் பிடிக்கவில்லை, நினைவுத்தூண் மாதிரி ஆகிவிடுகிறது. உங்களுக்கு அது வேண்டுமாக இருக்கலாம்.

பக்கத்தில் என்ன எழுதுவது

ஹிரோஷிமா அமைதி நினைவு அருங்காட்சியகத்தில் ஒரு மூன்று சில்லுச் சைக்கிள் இருக்கிறது. 1945 ஆகஸ்ட் 6 காலை அதை ஓட்டிக்கொண்டிருந்த ஷின்இச்சி டெட்சுதானி என்ற பிள்ளைக்கு நான்கு வயது ஆகவில்லை. குண்டு விழுந்த இடத்திலிருந்து சுமார் ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம். அன்றிரவே இறந்துபோனான். தனியாக மயானத்துக்கு அனுப்ப மனமில்லாத தகப்பன் அவனையும் அந்தச் சைக்கிளையும் வீட்டு வளவிலேயே சேர்த்துப் புதைத்தார். நாற்பது வருடம் கழித்து, 1985இல் தோண்டியெடுத்து, மகனின் எலும்புகளைக் குடும்பக் கல்லறைக்கு மாற்றி, சைக்கிளை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அதில் யாரும் எந்த வேலையும் செய்யவில்லை. துருவும் வளைவும் அப்படியே. பக்கத்தில் இருக்கும் அந்தச் சில வரிகள் இல்லையென்றால் அது ஒரு பழைய இரும்பு, அந்த வரிகளோடு பார்த்தால் நகர முடியாது.

குறிப்பின் நீளம் எவ்வளவு என்பதற்கு நான் சரயேவோவைப் பின்பற்றுகிறேன். பொஸ்னியப் போரில் 1992 முதல் 1996 வரை முற்றுகையில் கிடந்த அந்த நகரத்தில் பிள்ளையாக இருந்த யாஸ்மின்கோ ஹலிலோவிச், 2010இல் தன் தலைமுறையினரிடம் போரில் பிள்ளையாக இருந்தது உங்களுக்கு எப்படி இருந்தது என்று இணையத்தில் கேட்டார். பதில் 160 எழுத்துக்குள் இருக்க வேண்டும். ஆயிரத்துக்கும் மேல் பதில்கள் வந்தன. அதிலிருந்து வளர்ந்ததுதான் 2017இல் அங்கே திறந்த போர்க்காலக் குழந்தைப்பருவ அருங்காட்சியகம், அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் அதைக் கொடுத்தவரின் சொந்தக் குறிப்பு இருக்கிறது.

160 எழுத்து என்றால் தமிழில் ஏறத்தாழ இருபது சொல். அதற்குள் எழுத முயன்று பாருங்கள், "கொடூரம்", "அவலம்" எல்லாம் தானாக வெளியே போய்விடும், இடம் இருக்காது. அதுவும் நீங்கள் எழுதாமல் பொருளுக்கு உரியவர் சொன்ன சொல்லிலேயே எழுதுங்கள். எங்கள் மூட்டைக்குப் பக்கத்தில் இருப்பது இவ்வளவுதான்: "மூண்டு நீலச் சில்லு அக்காவின்ர செருப்பு. வெள்ளை, கரையில கிடந்து எடுத்தது. அச்சுக்கு மெழுகுதிரி. அம்மா மூட்டை தைக்க நான் ஓட்டினனான்."

நம் ஊரில் முன்மாதிரி தேடுகிறவர்கள் யாழ்ப்பாணத்துக் கலைஞர் தா. சனாதனனின் வேலைகளைப் பார்க்கலாம். 2004இல் யாழ் பொது நூலகத்தில், மக்களிடமிருந்து அவர்கள் வைத்திருந்த சாதாரணப் பொருள்களைச் சேர்த்து அவர் ஒரு நிர்மாணக் காட்சி செய்தார். 1981இல் எரிந்த நூலகம் அது. சேர்ந்த பொருளும் வைத்த இடமும் ஒன்றோடொன்று பேசும் என்பதை எனக்குக் கற்றுத்தந்தது அந்த வேலைதான்.

வைப்பதும் படம் எடுப்பதும்

உயரமான வெள்ளைப் பீடம் வேண்டாம். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில், பழைய பனம்பலகை மேல் வையுங்கள். பார்க்க வருகிறவர் குனிய வேண்டும், முடிந்தால் குந்த வேண்டும். காரை ஓட்டிய பிள்ளையின் கண் இருந்த உயரம் அது. கண்ணாடிப் பெட்டியும் வேண்டாம். சிலர் தொடுவார்கள், சில்லுத் தடத்தில் விரல் ஓட்டிப் பார்ப்பார்கள், ஓட்டட்டும். அழுக்குப் பிடித்தால் மென்மையான காய்ந்த தூரிகையால் தட்டிவிடலாம்.

படம் எடுக்கும்போது ஒரு சிக்கல் வரும், பலருக்குத் தெரியாது. குழியாக இருக்கும் தடம் படத்தில் புடைத்த மாதிரித் தெரியும். வெளிச்சம் கீழிருந்தோ நேர் முன்னாலிருந்தோ வந்தால் அப்படி ஆகும், ஏனென்றால் நம் கண் வெளிச்சம் எப்போதும் மேலிருந்து வருகிறது என்றே எடுத்துக்கொள்ளும். படத்தின் மேல் இடது பக்கத்திலிருந்து சாய்வாக ஒரே ஒரு வெளிச்சம் விழும்படி பாருங்கள். காலை எட்டு மணி யன்னல் வெயில் போதும், ஃபிளாஷ் போடாதீர்கள்.

இதே முறையில் வேறு பொருள்களும் செய்யலாம். 1990களின் பொருளாதாரத் தடையில் மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்க ஜாம் போத்தலில் பஞ்சு வைத்துக் கொளுத்திப் படித்த விளக்கு, கிட்டிப்புள், தேய்ந்த ஸ்லேட் பென்சில். ஒரு மூட்டைக்கு ஒரு பொருள் மட்டும். நாலைந்தைச் சேர்த்து அழுத்தினால் கடை மாதிரி ஆகிவிடும்.

கடைசியாக, நகல் கார். வேலை முடிந்ததும் அதைத் தூக்கி எறியாதீர்கள், சிற்பத்தோடு சேர்த்தும் வைக்காதீர்கள், தடத்துக்குப் பக்கத்தில் கார் நின்றால் தடத்தை யாரும் பார்க்க மாட்டார்கள். பொலித்தீனைக் கழற்றி, களிமண்ணை ஈர்க்கால் நோண்டி எடுத்து, பழைய பல்துலக்கும் பிரஷால் சில்லுகளைத் தேய்த்துக் கழுவி, உடனே துடையுங்கள், தகரம் துருப்பிடிக்கும். கம்பியில் திரும்பவும் கொஞ்சம் மெழுகு பூசுங்கள். எங்கள் காரை அந்தத் தம்பியிடம் கொண்டுபோய்க் கொடுத்தபோது கராச்சில் எண்ணெய்க் கையோடு நின்றார். வாங்கித் தரையில் வைத்து ஒரு விரலால் தள்ளினார். ஓடி, வாசல் படி வரை போய் நின்றது. "இடப்பக்கம் இழுக்குது" என்று சொல்லிவிட்டு, குந்தி, முன் சில்லைக் கழற்றத் தொடங்கினார்.